பிறவியோ, வளர்ப்போ? ஜான் ஸ்டூவர்ட் மில் வரலாறு

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம் நாட்டுப் பழமொழி. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதும் நம் நாட்டுப் பழமொழியே. முன்னது மக்கட் பண்பு பிறவியிலேயே அமைவது என்கின்றது. பின்னது அது வளர்ப்பினால் அமைவது என்கின்றது. இவ்விரண்டினையும் ஒரே பாட்டியார் ஒரே நாளில் ஒரே பேரனைக் குறித்துக் கூற நாம் கேட்டிருக்கின்றோம். கூறுவார்க்கும் கேட்பார்க்கும் அவற்றிடையே யாதொரு முரணும் தோன்றுவதில்லை. ஆயினும் சற்று நின்று எண்ணுவோமாயின், அவற்றுள் ஒரு பெரிய வினா மறைந்து கிடத்தல் புலனாகும். நம் அறிவும் குணமும் பெற்றோர் குருதியினின்றே வந்தனவாயின், அவற்றால் நமக்குப் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் பிசைந்து செய்த மட்பாண்டமே நாம் எனினும் முடிவு அதுவே. அங்ஙனமாயின் நம்முள் நமக்கென உரியதுதான் யாது?

இவ்வினாவை ஏட்டில் வைத்து ஆராய்ந்தவர் பலர். தம் வாழ்க்கையிலேயே அதனோடு போராடியவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலப் பேரறிஞர். உரிமையைப் பற்றி அவர் இயற்றிய நூலைப் பயின்றாருள்ளும் அவர்தம் இளமை வரலாற்றை அறிந்தார் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

தந்தையார்

மில்லின் வரலாறு அவர்தம் தந்தையாரிடத்திருந்து தொடங்கற்பாலது. தந்தையாராகிய ஜேம்ஸ் மில் 1773-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு செருப்புத் தைப்பவருக்கு மகனாகப் பிறந்தார். அன்னையார் தம் மகனை எவ்வாற்றானும் கற்றோனாக்க வேண்டுமென்று உறுதி பூண்டு, தொழிலிற் புகவிடாது படிக்கவைத்தனர். அவ்வூர்ப் பக்கத்துப் பெருமகனாராகிய சர் ஜான் ஸ்டூவர்ட் என்பவர் பொருளுதவி செய்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1798-இல் சமயச் சொற்பொழிவாற்றும் உரிமையும் பெற்ற ஜேம்ஸ் மில், பின்னர் அந்நெறியை விடுத்து, 1802-இல் இலண்டன் மாநகர் சேர்ந்து எழுதுகோலால் வாழ்க்கை நடத்தலாயினர். 1806-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் அவருக்குத் தலைமகன் பிறந்தனன். உதவிய வள்ளலின் நினைவாக அம்மகவுக்கு ஜான் ஸ்டூவர்ட் என்று பெயரிட்டனர்.

பிறக்குங்கால் குழந்தையின் உள்ளம் எழுதா ஏடு என்பதும், அதன்கண் எழுதப்படுவனவெல்லாம் புலன்வழி வரும் காட்சிகளும் அவற்றின் தொடர்புகளுமே என்பதும் ஜேம்ஸ் மில் கொண்ட கொள்கை. ஏடு எழுதாததாயின் எழுதுகோல் எவன் கையிலுளதோ அவனே மனிதனை ஆக்குவோனாவன். செருப்புத் தைப்பவர் மகன் கல்வியால் உயர்ந்த தம் வாழ்க்கையும் இக்கொள்கைக்குச் சான்றாக அவருக்குத் தோன்றியிருத்தல் கூடும். நண்பர் பெந்தாம் என்னும் அறிஞரும் அவரும் சேர்ந்து, தங்கள் கொள்கைகளைத் தாங்கி நிற்கும் ஒருவனை இக்குழந்தையினிடத்து உருவாக்கத் துணிந்தனர்.

கல்வி

மூன்றாம் அகவையிற் கிரேக்கம் தொடங்கிற்று. கிரேக்கச் சொல்லும் அதன் ஆங்கிலப் பொருளும் எழுதிய சிறு சீட்டுகளே அரிச்சுவடி. ஈசாப்புக் கதைகளே முதற் பாடநூல். ஏழாம் அகவையிற் பிளேட்டோவின் உரையாடல்களுள் ஆறு கற்பிக்கப்பெற்றன. எட்டில் இலத்தீன், பன்னிரண்டில் தருக்கம், பதின்மூன்றிற் பொருளியல். பள்ளிக்கூடம் இல்லை, விடுமுறை இல்லை, ஒத்த வயதுத் தோழர் இல்லை. சமயக் கல்வியும் இல்லை. ஒருகாற் சமயம் உரைக்க முற்பட்ட தந்தையாரே அதனை முற்றும் விலக்கிவிட்டார்.

தந்தையாரும் மகனும் ஒரே அறையில், ஒரே மேசையில் அமர்வர். ஒருபுறம் தந்தையார் இந்திய வரலாற்றினை எழுதிக்கொண்டிருப்பர். மறுபுறம் சிறுவன் கிரேக்கம் படிப்பான். ஆங்கிலத்திற் பொருள் கூறும் கிரேக்க அகராதி அந்நாளில் இன்மையின், அறியாச் சொல் ஒவ்வொன்றிற்கும் சிறுவன் தந்தையாரையே வினவுவான். பொறுமைக்குப் பெயர்பெறாத அம்மனிதர், பெருநூல் எழுதும் இடையிலே, அத்தனை வினாக்களையும் பொறுத்து விடை கூறினர். காலையுணவுக்கு முன் இருவரும் வயல்வழியே உலாவுவர். முந்தைய நாள் படித்தவற்றைச் சிறு குறிப்புகளின் துணைகொண்டு சிறுவன் ஒப்புவிப்பான். தந்தையார் நடந்துகொண்டே சொன்ன பொருளியற் பாடங்களை மகன் மறுநாள் எழுதிக் கொணர, அக்குறிப்புகளே பின்னர்த் தந்தையார் 1821-இல் வெளியிட்ட பொருளியல் நூலுக்குத் துணையாயின.

இவ்வளவும் கற்ற சிறுவன் தன்னை அறிவாளியென்று எண்ணவில்லை. ஏனெனில் தன்னோடு ஒப்பிட வேறு சிறுவரை அவன் கண்டதில்லை. பதினான்காம் அகவையில், 1820-இல், பிரான்சு நாட்டுக்குப் புறப்படுமுன் தந்தையார் அவனை ஐடு பூங்காவில் உலாவ அழைத்துச் சென்று, பிறர் அறியாதன பல அவன் அறிவான் என்றும், அது தற்பெருமைக்கு இடமன்று, கற்பிக்க வல்ல தந்தை வாய்த்தமையே காரணம் என்றும் அறிவுறுத்தினர். இவ்வுரையை மில் வாழ்நாள் முழுதும் நம்பினர். இயல்பான கூர்மையிலும் நினைவாற்றலிலும் தாம் சராசரிக்குச் சற்றுத் தாழ்ந்தவரே என்றும், தமக்கு இயன்றது நடுத்தர அறிவுடைய எந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் இயலும் என்றும் தம் வரலாற்றில் எழுதிச் சென்றனர்.

உடன்பிறந்தார்

இக்கூற்றினை நாம் அப்படியே கொள்ளலாமோ? ஜேம்ஸ் மில்லுக்கு மக்கள் ஒன்பதின்மர். ஜான் எட்டாம் அகவை தொடங்கித் தன் தங்கைக்கும், பின் ஒருவர்பின் ஒருவராகப் பிற தங்கையர் தம்பியர்க்கும் ஆசிரியனாயினன். அவர்கள் பாடத்திற்கு அவனே பொறுப்பாளி. பெற்றோர் ஒருவரே, இல்லமும் நூல்களும் ஒன்றே, முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்பதின்மருள் உலகம் வியக்கும் அறிஞராயினார் ஒருவரே. வளர்ப்பே அனைத்தும் என்பார் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

அற்றேல் பிறவியே அனைத்தும் எனலாமோ? அதுவும் அமையாது. அவ்வெண்மரும் தந்தையாரின் மேசைக்கு எதிரே அமர்ந்தவரல்லர். தமையன் வாயிலாகக் கேட்டவர். விரைந்து பற்றும் குழந்தைக்கு ஆசிரியன் மேலும் ஊட்டுவான். அக்குழந்தை மேலும் விரைந்து பற்றும். இங்ஙனம் பிறவி வளர்ப்பினைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும்போது, இஃது இதன் பயன், அஃது அதன் பயன் என்று கூறுபடுத்தல் அரிது. மேலும், மில்லுக்கு உடலைத் தந்தவரும் கல்வியைத் தந்தவரும் ஒரே மனிதர். அறிவுடைய தந்தைக்கு மகனாய்ப் பிறந்து, அத்தந்தையாலேயே வளர்க்கப்பெற்ற ஒருவரிடத்து இரண்டினையும் பிரித்தறிவது எங்ஙனம்?

இதற்கு அக்குடும்பத்திலேயே வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. தந்தையார் 1836-இல் நுரையீரல் நோயால் மாண்டார். தம்பி ஹென்றி 1840-இல் காச நோயால் மறைந்தார். ஜானையும் பிற்காலத்தில் அந்நோய் வருத்திற்று. அதனைக் குலத்தில் வழிவழி வரும் நோயென்றே அந்நாளைய உலகம் கருதிற்று. 1882-ஆம் ஆண்டில் கோக்கு என்னும் ஜெர்மானிய அறிஞர் அந்நோய்க்குரிய நுண்ணுயிரைக் கண்டபின்னரே, ஒரே கூரையின்கீழ் வாழ்வார்க்கு ஒருவரிடத்திருந்து ஒருவருக்குத் தொற்றுவது அஃது என்பது தெளிவாயிற்று. குடும்பத்தில் தொடர்ந்து வருவதெல்லாம் குருதியில் வருவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இருள்

1823-இல், பதினேழாம் அகவையில், மில் தந்தையார் பணிபுரிந்த கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலகத்திற் சேர்ந்தனர். உலகத்தைச் சீர்திருத்துவதே தம் வாழ்வின் குறிக்கோள் என்று கொண்டு, எழுதுவதும் வாதிடுவதுமாக இருந்தனர். தந்தையாரின் ஆய்வு வெற்றியுற்றது போன்றே தோன்றிற்று.

1826-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், இருபதாம் அகவையில், அவர் தம்மைத் தாமே ஒரு வினா வினவினர். தாம் விரும்பிய சீர்திருத்தங்களெல்லாம் இந்நொடியே கைகூடுமாயின் தமக்கு இன்பம் உண்டாகுமோ என்பதே அது. இல்லை என்று உள்ளம் விடை கூறிற்று. அக்கணமே வாழ்க்கையின் அடித்தளம் இடிந்து வீழ்ந்தது போலாயிற்று. உறக்கமும் அதனைப் போக்கவில்லை, நூல்களும் போக்கவில்லை. நாடோறும் செய்யும் பணிகளை இயந்திரம்போற் செய்துவந்தார். தந்தையாரிடம் கூறவும் துணிந்திலர். கூறின், தாம் அரிதின் முயன்ற கல்விமுறை இவ்வாறு முடிந்ததே என்று அவர் வருந்துவாரேயன்றி, அந்நோய்க்கு மருந்து அறியார் என்று மகன் உணர்ந்தார். இருபது வயதில் தம் துயரைச் சொல்ல ஒருவருமின்றி, வெளியே தெரியாதவாறு அதனைச் சுமப்பது எத்தகையது என்பதை நம்முட் பலர் அறிவோம்.

துன்பத்திற்குக் காரணம் யாது? பகுத்து ஆராயும் பழக்கம் அவரிடத்து மிக வளர்ந்திருந்தது, உணர்ச்சி வளரவில்லை. எதனையும் பகுத்தே பார்க்கும் கண்ணுக்கு அன்பும் மகிழ்ச்சியும் வெறுந் தொடர்புகளாய்த் தேய்ந்துபோதல் இயல்பு. எழுதுகோல் ஏந்தியவர் ஏட்டின் ஒரு பக்கத்தையே எழுதி, மறுபக்கத்தை எழுதாது விட்டுவிட்டனர்.

முதல் ஒளி ஒரு சிறு துளையின் வழியே வந்தது. மார்மோந்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுகளைப் படிக்குங்கால், தந்தையை இழந்த சிறுவன் ஒருவன், இனிக் குடும்பத்திற்கு எல்லாமாக நானே இருப்பேன் என்று உறுதி பூணும் இடம் வந்தது. அதனைப் படித்த மில் கண்ணீர் விட்டனர். தம்முள் உணர்ச்சி இறந்துபடவில்லை என்பதை அக்கண்ணீரே அவருக்கு உணர்த்திற்று. பின்னர் 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் பாடல்களைப் படித்தனர். மலையும் காடும் அழகென்பது மட்டுமன்று அப்பாடல்கள் கூறியது. அவ்வழகில் எல்லாரும் எக்காலத்தும் பங்குபெறற்குரிய அமைதி உண்டென்பதை அவை அவருக்குக் காட்டின. தருக்க நூல் தந்த நோய்க்குச் செய்யுள் மருந்தாயிற்று என்று இலக்கிய மாணவராகிய நாம் சற்றே பெருமை கொள்ளலாம். ஆயினும் நினைவிற் கொள்ளவேண்டுவது பிறிதொன்று. அம்மருந்தை அவருக்கு எவரும் ஊட்டவில்லை. அவரே தேடி உண்டனர்.

மில் கண்ட விடை

துயர் நீங்கியும் ஓர் ஐயம் நீங்கவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் காரணம் உண்டு; காரணம் உளதாயின் காரியம் உளதாம். ஆகவே தம் குணம் முழுவதும் தம் கைக்கு எட்டாத காரணங்களால் முன்னரே ஆக்கப்பட்டது என்னும் எண்ணம் மார்பில் ஏறிய பேய்போல் அவரை அழுத்திற்று. மனிதன் குணம் அவனுக்காகப் பிறரால் ஆக்கப்படுவதேயன்றி அவனால் ஆக்கப்படுவதன்று என்று இராபர்ட்டு ஓவன் என்பாரும் அவர்வழி நின்றோரும் அந்நாளில் கூறிவந்தனர்.

மில் நெடிது எண்ணி ஒரு முடிவு கண்டனர். அதனை 1843-இல் வெளியிட்ட தருக்கநூலில் விளக்கினர். நம் குணம் சூழ்நிலைகளால் ஆவதே. ஆனால் நம் குணத்தை நாமே திருத்தவேண்டும் என்று நம்முள் எழும் விருப்பமும் அச்சூழ்நிலைகளுள் ஒன்று. அதன் ஆற்றல் சிறிதன்று. நம்மை ஆக்கியவர் நம்மைச் சிலவகைக் காரணங்களுள் வைத்தே ஆக்கினர். நாமும் நம்மை வேறு காரணங்களுள் வைத்துக்கொள்ள இயலும். காரண காரியத் தொடர்பை மறுக்காமலே, மனிதனுக்கு ஒரு கதவு திறந்துவிட்ட விடை இது. இதனை அவர் பிறர் நூலிலிருந்து எடுத்துரைத்ததாக நாம் கொள்ளலாகாது. இருபதாம் அகவையின் இருளிலிருந்து தம் கையால் தடவிக் கொண்டுவந்த பொருள் அது.

பிற்கால வாழ்வு

அதன்பின் மில் தந்தையார் வகுத்த வழியினும் அகன்ற வழியில் நடந்தனர். பிரான்சு நாட்டில் இளமையிற் கற்ற செடிகொடி ஆராய்ச்சியும் மலையேற்றமும் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தன. 1830-இல் நட்புற்ற ஹாரியட் டெய்லர் என்னும் அம்மையாரை, அவர்தம் கணவர் இறந்த பின்னர் 1851-இல் மணந்தனர். அவ்வம்மையார் 1858-இல் பிரான்சு நாட்டு அவிஞோன் நகரில் மாண்டார். மறு ஆண்டு வெளிவந்த உரிமை நூல் அவருக்கே உரிமையாக்கப்பெற்றது. மனிதர் ஒரே அச்சில் வார்க்கப்படலாகாது என்று அந்நூல் இடித்துரைக்கின்றது. ஓர் அச்சில் வார்க்கப்பட்டு, அதனை உடைத்து வெளிவந்தவர் எழுதியது அதுவென்று அறிந்து படிப்பார்க்கு அதன் பொருள் ஆழமுறும்.

பெண்ணியல்பு என்று உலகம் கூறுவது பெரும்பாலும் வளர்ப்பின் விளைவே என்றும், இருபாலார்க்கும் ஒத்த வாய்ப்பு அளித்தாலன்றி உண்மை இயல்பை அறிதல் இயலாது என்றும் 1869-இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டனர். 1865 முதல் 1868 வரை ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினராய் இருந்தகாலை, 1867 மே 20-ஆம் நாள், தாம் பிறந்த நாளன்றே, பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டித் திருத்தம் கொணர்ந்தனர். அதற்கு ஆதரவாக 73 வாக்குகளும் எதிராக 196 வாக்குகளும் விழுந்தன. அவ்வுரிமை அந்நாட்டுப் பெண்டிர்க்கு ஓரளவு கிட்டியது 1918-இல். முழுதும் கிட்டியது 1928-இல். இங்ஙனம் பெண்டிர்க்காக வாதிட்டவர், ஒன்பது மக்களை ஈன்று வளர்த்த தம் அன்னையாரைப் பற்றித் தம் வரலாற்றில் ஏறக்குறைய ஒன்றும் எழுதாது விட்டது வருந்தற்குரியது. அவருடைய உடற்கூற்றிற் பாதி அவ்வன்னையார் தந்ததன்றோ?

இந்தியராகிய நாம் கூறவேண்டுவதும் ஒன்றுண்டு. தந்தையார் இந்திய மண்ணை மிதியாமலே எழுதி 1818-இல் வெளியிட்ட வரலாறு நம் நாட்டினரை மிகத் தாழ்த்திப் பேசுவது. அந்நூலின் அச்சுப்படி திருத்தப்பெற்றகாலைக் கையெழுத்துப் படியைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டியவன் சிறுவனாகிய ஜான். பின்னர்க் கும்பினியில் முப்பத்தைந்து ஆண்டு பணிபுரிந்து, 1858-இல் அதன் ஆட்சியைக் காத்து விண்ணப்பம் வரைந்தவரும் அவரே. ஒரு குலத்தாரின் இயல்பு பிறவியிலேயே தாழ்ந்தது என்னும் பேச்சை வன்மையாகக் கண்டித்த அறிஞர், உரிமை நூலில், இன்னும் முதிராத மக்களினங்களுக்கு இக்கொள்கை பொருந்தாது என்று ஒதுக்கிவைத்தனர். தம் குணத்தின் பல கட்டுகளை அவிழ்த்தவரும் இக்கட்டினை அவிழ்த்திலர். குழந்தைமையில் உரக்கப் படித்தது உள்ளத்தில் எத்துணை ஆழப் பதியும் என்பதற்கு இதுவே சான்று.

1873 மே மாதத்தில், இயற்கை ஆராய்ச்சியாளர் பாபர் என்பவரோடு செடிகொடிகளைத் தேடி நெடுந்தூரம் நடந்த சில நாட்களில், மில் அவிஞோனில் உயிர்நீத்தனர். மனைவியார் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பெற்றனர்.

இக்கால அறிவு

மில் வாழ்ந்திருக்கும்போதே, 1869-இல், கால்ட்டன் என்பவர் பேரறிவு குடும்ப வழியே வருவது என்று நூலெழுதினர். பிறவி, வளர்ப்பு என்னும் சொற்களை எதிரெதிர் நிறுத்தி ஆராய்ச்சியுலகிற் பரவச் செய்தவரும், இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு ஆராயலாமென்று வழிகாட்டியவரும் அவரே. அவர்வழித் தோன்றிய இனத்தூய்மைக் கொள்கை பின்னர்ப் பல நாடுகளில் எளியோரை வலிந்து மலடாக்கும் சட்டங்களாக முடிந்தது. 1907-இல் அமெரிக்காவின் இந்தியானாவிலும் 1933-இல் ஜெர்மனியிலும் அத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. மறுபுறம், வளர்ப்பே அனைத்தும் என்ற கொள்கையும் தீங்கு விளைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குழந்தைக்கு ஆட்டிசம் என்னும் நிலை நேர்ந்தால் தாயின் அன்பின்மையே காரணம் என்று மருத்துவர் சிலர் பழி சுமத்தினர். எத்தனையோ அன்னையர் செய்யாத குற்றத்திற்குக் கண்ணீர் வடித்தனர்.

2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஐம்பது ஆண்டுகளாக நடந்த இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிற்று. 1 கோடியே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இரட்டையர் இணைகளைப் பற்றிய அவ்வாய்வின்படி, பண்புகளில் மக்களிடையே காணும் வேறுபாட்டிற்கு மரபணு வேறுபாடு சராசரி 49 விழுக்காடு காரணமாகின்றது. ஒருவன் குணத்திற் பாதி பிறவி, பாதி வளர்ப்பு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நெல் விளைந்தது பாதி விதையால், பாதி நீரால் என்று எவரும் கூறார். இரண்டும் கூடியன்றி ஒரு மணியும் விளையாது. வயல்களுக்கிடையே விளைச்சல் வேறுபடுதற்கு விதை வேறுபாடு எவ்வளவு காரணம், நீர் வேறுபாடு எவ்வளவு காரணம் என்று கேட்டலே பொருந்தும். எல்லா வயலுக்கும் ஒத்த நீர் பாயுமாயின் விதையின் வேறுபாடே மிகுந்து தோன்றும். நீர் ஒருசிலவற்றிற்கே பாயுமாயின் விதையின் தரம் விளங்காமலே போம். ஒரே இல்லத்தில் வளர்ந்த உடன்பிறந்தாரும் பெரியராயபின் குணத்தால் வெகுவாக வேறுபடுவர் என்பதும் இவ்வாராய்ச்சிகள் காட்டும் உண்மை. மில்லின் இல்லத்து ஒன்பதின்மரை நினைவுகொள்வார்க்கு இது வியப்பன்று.

ஆகவே பாட்டியார் கூறிய பழமொழிகள் இரண்டும் மெய்யே. தனித்தனியே கொண்டால் இரண்டும் குறையே. கல்லூரியிற் கால்வைக்கும் மாணவருள் இன்ன பாடம், இன்ன தொழில் என்று பெற்றோர் முடிவு செய்து அனுப்பப்பெற்றார் பலர். முதன்முதற் பள்ளி கண்ட குடியினின்று வந்து, தம் குலத்திற்குக் கல்வி ஏறாதென்று பிறர் சொல்லக் கேட்டாரும் உளர். இவ்விரு திறத்தார்க்கும் மில்லின் வாழ்க்கை ஒரு செய்தி கூறுகின்றது. பெற்றோர் தந்த உடலையும் இளமையிற் பெற்ற வளர்ப்பையும் நாம் தேர்ந்துகொள்ளவில்லை. அவற்றை மறுத்துப் பயனில்லை. அவற்றின்மேற் பழிபோட்டு அமர்ந்திருப்பதாலும் பயனில்லை. எந்த நூலைத் திறப்பது, எந்த நண்பரோடு நடப்பது, எந்த வழக்கத்தை இன்று விடுவது என்பன ஓரளவேனும் நம் கையில் உள்ளன. அவையும் காரணங்களே, நாளை நாம் ஆகப்போகும் மனிதரை ஆக்கும் காரணங்கள். ஏட்டில் முன்பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. எஞ்சிய பக்கங்களுக்குரிய எழுதுகோல் நம் கைக்கும் வந்துள்ளது என்பதை மறவாதிருப்போமாக.